அசலில் கை வைத்த அச்சக்கா

ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில்தான் தயாரானது. ஆனால் அங்கே வேலை பார்த்தவர்கள் யாரும் அவ்வளவாகச் சிரிக்க மாட்டார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை பல்லைப் பார்த்தே அலுத்தவர்கள். சுவரோர அலமாரிகளில் வெள்ளைத் தாடைகள் வாயைத் திறந்தபடி வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஜன்னலோரம் மெருகு போடும் சக்கரம் சுற்றும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெரிய மெஷின், கட்டியாக வரும் பொருளைச் செதுக்கிச் செதுக்கிப் பல்செட்டாக்கும். எதை எப்படிச் செதுக்க வேண்டும் என்று அந்த மெஷினுக்குச் சொல்லும் கம்ப்யூட்டர் மூலையில் ஒரு மேஜைமேல் இருந்தது. மேஜைக்கு முன்னால் அச்சக்கா.

அச்சக்கா என்பது பட்டறை வைத்த பெயர். அவள் அங்கே சேர்ந்தபோது கம்ப்யூட்டரும் இல்லை, கண்ணாடித் தடுப்பும் இல்லை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, காயவைத்து, தாடையை எடுப்பது அவள் வேலை. எடுத்த தாடையிலிருந்து இன்னொரு தாடை எடுப்பாள். வெட்டுவது, சுரண்டுவது, வைத்துப் பார்ப்பது எல்லாம் அந்த இரண்டாவதில்தான். முதலாவது அலமாரிக்குப் போய்விடும். யாராவது அவசரத்தில் அலமாரித் தாடையை எடுத்து அரத்தை வைத்தால், அச்சக்காவின் குரல் வாசல்வரை கேட்கும். "அசல்ல கை வைக்காதே. எத்தனை தடவை சொல்றது?"

அந்தப் பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் வந்து கத்தரிக்கோல் கேட்டால், இரவல் கொடுப்பதற்கென்றே வாங்கி வைத்த வேறொரு கத்தரிக்கோலைக் கொடுப்பாள். கைக்குட்டையிலும் குடையிலும்கூட வெளியே போகும் வகை, வீட்டிலேயே இருக்கும் வகை என்று பிரிவு உண்டு. அவள் கணவர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். வாழ்க்கையின் ஏற்ற இறக்கங்களை அவரைவிட அதிகமாகப் பார்த்தவர் யாரும் கிடையாது என்று அவரே சொல்லிக்கொள்வார். "கல்யாணத்தன்னைக்கு எனக்குக் கொடுத்தது அசல் உன்னையா, இல்ல வெளிய கொடுக்கிற இன்னொண்ணையா?" என்று அவர் கேட்பதும், "அசலா இருந்தா இத்தனை வருஷம் தாங்கியிருக்குமா?" என்று அவள் சொல்வதும் அந்த வீட்டில் வழக்கமான பேச்சு. மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அப்பாவும் அம்மாவும் இதைப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவாள்.

பிறகு பட்டறைக்குப் புது மெஷின் வந்தது. பிளாஸ்டர் போனது. அதில் அச்சக்காவுக்கு எள்ளளவும் வருத்தமில்லை. நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளையைச் சுரண்டியே பாதி ஆயுசு போயிற்று என்று நினைத்திருந்தவள் அவள். முதலாளி அவளைக் கூப்பிட்டு, "இதுக்கு ஏதோ புரோகிராமெல்லாம் எழுதணுமாம். கத்துக்கிறியா?" என்று கேட்டார். கத்துக்கிறேன் என்றாள். சாயங்கால வகுப்பில் தன் மகள் வயதுப் பிள்ளைகள் நடுவில் போய் உட்கார்ந்தாள். மூன்றாம் வகுப்பிலேயே அவளுக்கு ஒரு விஷயம் பிடித்துப்போயிற்று. பட்டறையில் ஒரு தாடையைத் தப்பாக வெட்டினால் போனது போனதுதான். இங்கே தப்பைத் திருத்திவிட்டு, தப்பே செய்யாதவள்போல முகத்தை வைத்துக்கொள்ளலாம்.

பட்டறைக்கான புரோகிராமை அவளே எழுதினாள். அதன் நடுவில் 'மூல வரிசை' என்று ஒன்று இருந்தது. முதலாளி இளமையில் தன் கையாலேயே செதுக்கி வைத்திருந்த அழகான பல்வரிசை அது. அதைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றியிருந்தார்கள். யாருக்குப் பல்செட் செய்தாலும் அந்த மூல வரிசையில் தொடங்கி, அந்த ஆளின் ஈறுக்கும் முகவாய்க்கும் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்வார்கள். அச்சக்கா என்ன செய்திருப்பாள் என்று சொல்லவே வேண்டாம். புரோகிராமின் ஒவ்வொரு பகுதிக்கும் மூல வரிசையை அப்படியே நகலெடுத்துக் கொடுத்தாள். அந்தப் பகுதி தன் நகலை என்னவேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். வேலை முடிந்ததும் நகல் குப்பைக்குப் போகும். அசல் அலமாரியில் பத்திரம்.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் மெதுவாக நடந்தது. ஒவ்வொரு பல்லும் கம்ப்யூட்டருக்குள் லட்சக்கணக்கான புள்ளிகள். அத்தனையையும் ஒவ்வொரு முறையும் நகலெடுத்துக்கொண்டிருந்தால் நேரமாகாதா? திரையில் தாடை வருவதற்குள் மெருகு போடுகிறவர் கீழே போய் டீ குடித்துவிட்டு, டீக்கடைக்காரரின் குடும்பக் கதையையும் கேட்டுவிட்டு வந்துவிடுவார். அவரை எல்லோரும் மெருகண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதலாளி ஒருநாள் அவள் மேஜைக்குப் பின்னால் வந்து நின்றார். "ஏம்மா, உன் மெஷின்ல பல்லு முளைக்கிறதுக்குள்ள என் வாயில இருக்கிறது கொட்டிடும் போல இருக்கே."

"ஒவ்வொண்ணா நகலெடுக்குதுங்க."

"ஏன் எடுக்கணும்? பார்த்துட்டுப் போறதுக்கு எதுக்கு நகல்?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. பெரும்பாலான பகுதிகள் மூல வரிசையைப் பார்த்து அளவு எடுக்கத்தான் செய்தன. அதில் எதையும் மாற்றவில்லை. மாறுதல்களைத் தனியாக வேறு இடத்தில்தான் எழுதிக்கொண்டன. அளவு பார்க்க வருகிறவனுக்குத் தாடையையே தூக்கிக் கொடுப்பானேன்? 'அதோ, அந்த அலமாரியில் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்' என்று இடத்தைச் சொன்னால் போதாதா? ஒரே காலைப்பொழுதில் மாற்றி எழுதினாள். நகலெடுத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அசல் இருக்குமிடத்தை மட்டும் சொல்லி அனுப்பினாள்.

தாடைகள் கண்மூடித் திறப்பதற்குள் திரையில் வந்து குதித்தன. மெருகண்ணனுக்கு டீ குடிக்க நேரமில்லாமல் போனது ஒன்றுதான் நஷ்டம். முதலாளி சந்தோஷத்தில், "இனிமே இந்த கம்ப்யூட்டரை அணைக்கவே வேண்டாம். தூங்கி எழுந்திரிக்கிற நேரமும் மிச்சம்" என்றார். அதன்படியே அது இரவும் பகலும் விழித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பறவைக்காரர் வந்தார்.

மெலிந்த மனிதர். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. டாக்டர் அனுப்பிய தாளைக் கொடுக்காமல், நேராக அச்சக்காவின் மேஜைக்கு வந்து, கதவைத் தட்டுவதுபோல மேஜையைத் தட்டினார்.

"பல்லெல்லாம் போச்சு. போகட்டும். ஆனா மேல முன்னாடி ரெண்டு பல்லுக்கு நடுவுல எனக்கு ஒரு சந்து இருந்துச்சு. அது வேணும்."

முதலாளி அந்தப் பக்கமாக வந்தவர் நின்றுவிட்டார். "எல்லாரும் இருக்கிற சந்தை அடைக்கச் சொல்லித்தாங்க வருவாங்க."

"அவங்களுக்கு அது வெறும் சந்து. நான் அந்தச் சந்துலதான் பொழைச்சேன்."

அவர் வானொலி நாடகங்களுக்குப் பறவைக்குரல் கொடுப்பவர். ஒரு காட்டுக் காட்சி என்றால் நாற்பது பறவைகள் அவர் ஒருவர் வாயிலிருந்து பறக்க வேண்டும். கதாநாயகி அழும்போது தூரத்தில் ஒரு குயில். வில்லன் வரும்போது ஆந்தை. எல்லாம் அந்தப் பல்லிடுக்கின் வழியாக வந்தவை. பல் போனபின் நிலையத்தில் ஒரு பதிவு செய்த குருவியை ஓட்டுகிறார்களாம். "எல்லா நாடகத்துலயும் அதே குருவி. கேட்கிறவங்களுக்கு அலுக்காதா? அந்தக் குருவிக்கே அலுத்திருக்கும்" என்றார்.

அச்சக்காவுக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. இப்படி ஒரு வேலை அவளுக்கு வந்ததே இல்லை. புரோகிராமில் அவருக்கென்று ஒரு சின்னப் பகுதி எழுதினாள். முன்பற்கள் இரண்டையும் எடுத்து, இதை இந்தப் பக்கம், அதை அந்தப் பக்கம் நகர்த்து. அவ்வளவுதான். முதல் செட்டில் சந்து போதவில்லை. குயில் இருமியது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். இரண்டாவது செட்டை மாட்டிக்கொண்டு பறவைக்காரர் உதட்டைக் குவித்தார். பட்டறைக்குள் ஒரு சிட்டு கிளையிலிருந்து கிளைக்குத் தாவியது. மெருகண்ணன் சக்கரத்தை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"இங்கதாங்க இருக்கேன்" என்றார் பறவைக்காரர்.

அச்சக்கா அன்று வீட்டுக்குப் போகும்வழியெல்லாம் உதட்டைக் குவித்துப் பார்த்துக்கொண்டே போனாள். காற்றுதான் வந்தது.

அடுத்த வாரம் தொலைபேசி மணி அடித்தது. எடுத்தவள் அச்சக்கா. மறுபக்கம் ஒரு பெண் குரல், நல்ல பழகிய குரல், எங்கேயோ கேட்டமாதிரி.

"பல்செட் பட்டறையா? நான் ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்றவ." 'ஸ்டேஷன்' என்ற சொல் வந்த இடத்தில் காதைத் துளைத்துக்கொண்டு ஒரு சீட்டி. "கேட்டீங்களா? போன வாரம் நீங்க செஞ்ச செட்டு. 'ஸ' வந்தா விசில், 'ச' வந்தா சின்ன விசில். இன்னைக்குக் காலையில மைக்குல ஒரு எக்ஸ்பிரஸ் பேரைச் சொன்னேன். கார்டு விசில் ஊதிட்டாருன்னு நினைச்சு பிளாட்பாரமே ஓடுது. ஒரு அம்மா ஒத்தைச் செருப்போட ஏறினாங்க. கடைசியில கார்டு மேல வந்து, 'வண்டிக்கு நான் ஊதவா, நீங்களே ஊதிடுறீங்களா'ன்னு கேட்டுட்டுப் போறாரு."

அச்சக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டு வைப்பதற்குள் ஒரு பல் டாக்டர். அவருடைய நோயாளிகள் மூன்று பேருக்கு முன்பல்லில் சந்து. அதற்குள் இன்னொரு டாக்டர். ஊர் வாயை உலைமூடியால் மூட முடியாது என்பார்கள். இங்கே ஊர் வாய்க்கு மூடி செய்து கொடுப்பதே இவர்கள்தான், அதிலும் ஓட்டை.

மெருகண்ணன் சாவகாசமாகக் கேட்டார். "ஓ, அது தப்பா? ஒரு வாரமா வந்த எல்லா செட்டுலயும் சந்து இருந்துச்சே. ஏதோ புது ஃபேஷன்னு நினைச்சேன்."

"ஏண்ணே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"'உங்க வேலை மெருகு, அதை மட்டும் பாருங்கண்ணே'ன்னு சொன்னது யாரு?"

சொன்னது அவள்தான்.

கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்த மூல வரிசையைத் திறந்து பார்த்தாள். மாசு மருவில்லாமல் இருந்தது. புரோகிராமை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். சந்தைக் காணோம். இருக்கிற குற்றத்தைக் கண்டுபிடித்துவிடலாம், டாக்டர் வந்ததும் ஓடிப்போகிற வயிற்றுவலியை என்ன செய்வது? முதலாளி, "அப்ப சரியாயிடுச்சு, விடு" என்றார். அவள் விடவில்லை. பறவைக்காரரின் செட்டை மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். அதற்கடுத்து வேறு யாருடையதோ ஒன்று. சந்து வந்து உட்கார்ந்துகொண்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளங்கால்வரை உறைத்தது.

முதலாளிக்கு விளக்க, அலமாரியிலிருந்து பழைய பிளாஸ்டர் தாடைகள் இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது அசல். இது நகல். முன்னாடி நான் எல்லாருக்கும் நகலைக் கொடுத்தேன். யார் எதை வெட்டினாலும் அது அவங்க கையில இருக்கிற நகலோட போச்சு. நீங்க வேகம் கேட்டீங்க. அசல் இருக்கிற இடத்தைக் காட்டிட்டேன்."

"காட்டினா? பார்க்கத்தானே போறாங்கன்னு சொன்னே."

"பார்க்கிற வரைக்கும் ஒண்ணுமில்லைங்க. யாராவது ஒருத்தர் தொட்டா, தொட்டது அசலை. கம்ப்யூட்டர் தன் ஞாபகத்துல வச்சிருக்கிற அசல். அணைச்சாத்தான் அந்த ஞாபகம் போகும். நாமதான் அணைக்கிறதே இல்லையே. அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாரும் அந்த மாறின அசலைத்தான் பார்த்தாங்க."

"தொட்டது யாரு?"

"பறவைக்காரருக்காக எழுதின பகுதி."

"எழுதினது?"

"நான்தான்."

முதலாளி அலமாரித் தாடைகளை ஒருமுறை பார்த்தார். அவளை ஒருமுறை பார்த்தார். பட்டறையில் எல்லோரும் அவர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தார்கள். "அசல்ல கை வைக்காதே" என்று அவளுடைய குரலிலேயே சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். திட்டியிருந்தால் தேவலாம்போல இருந்தது அச்சக்காவுக்கு. வட்டிக்கு ஆசைப்பட்டு அசலைத் தோற்றவளைப்போல உட்கார்ந்திருந்தாள்.

திருத்தத்துக்கு ஒரே ஒரு வரிதான் தேவைப்பட்டது. பறவைக்காரரின் பகுதி தொடங்கும் இடத்தில், 'முதலில் மூல வரிசையை நகலெடுத்துக்கொள், பிறகு நகர்த்து' என்று எழுதினாள். வேறு யாராவது சிறப்பு மாற்றம் கேட்டால் அவர்களுக்கும் அதே வழி. ஓட்டிப் பார்த்தாள். சந்து பறவைக்காரரோடு நின்றது. வேகமும் குறையவில்லை. முன்பெல்லாம் அவ்வளவு நேரம் பிடித்த நகல் இப்போது எப்படி நொடியில் முடிகிறது என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். நல்ல சேதி வரும்போது யார் குறுக்குக் கேள்வி கேட்கிறார்கள்?

சந்தோடு செட் போய்ச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் புது செட் செய்தார்கள். அறிவிப்புக்காரம்மா நேரிலேயே வந்தார். அன்றைக்கென்று பறவைக்காரரும் விளிம்பு உறுத்துகிறது என்று வந்து உட்கார்ந்திருந்தார். விஷயம் தெரிந்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கணும். அது என்னோட சந்து. வழி தவறி உங்ககிட்ட வந்துடுச்சு."

"இதை வச்சா நீங்க சம்பாதிச்சீங்க?" என்று அந்த அம்மா ஒரு சீட்டியோடு கேட்டார்.

"நாக்கைக் கீழ படிய வச்சா சத்தம் வராது. கொஞ்சம் தூக்கினா வரும். பாருங்க." பறவைக்காரர் செய்து காட்டினார். அறிவிப்புக்காரம்மா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, நாக்கைத் தூக்கி ஊதினார். மைனாவுக்கும் குக்கருக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்தது. அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. புது செட்டை மாட்டிக்கொண்டு, 'ஸ்டேஷன், சரக்கு, சற்று நேரத்தில்' என்று சொல்லிப் பார்த்துத் திருப்திப்பட்டவர், போகும்போது பழையதையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "லீவு நாள்ல போட்டுக்கிறேன்."

ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் மாற்றிக்கொள்ளவே மறுத்துவிட்டார். அவருடைய அம்மாவுக்கு முன்பல்லில் அப்படித்தான் இருந்ததாம். புதுப் பல்லோடு வீட்டுக்குப் போனபோது அவருடைய தங்கை கதவைத் திறந்ததும், 'அம்மா சிரிக்கிற மாதிரியே இருக்குண்ணே' என்றாளாம். "தப்போ சரியோ, வந்தது வந்துடுச்சு. இருந்துட்டுப் போகட்டும்மா" என்றார். அச்சக்கா மாற்ற வேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயரை அடித்தாள். ஒருவர் நன்றி சொல்லிவிட்டதால் தப்பு தப்பில்லாமல் போய்விடாது. ஆனாலும் அன்று மத்தியானம் சாப்பாடு கொஞ்சம் இறங்கியது.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதைதான். ஒரு நாடக நடிகர் வந்தார். பூத வேஷம் கட்டுபவர். கோரைப்பல் இரண்டும் உதட்டைத் தாண்டி நீளவேண்டும், கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கும் தெரியவேண்டும் என்றார். அச்சக்கா இம்முறை வெகு ஜாக்கிரதையாக நகலெடுத்துக்கொண்டுதான் பல்லை நீட்டினாள். நடிகர் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் உறுமிப் பார்த்து, ஆனந்தமாகப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் மெருகண்ணன் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் மேஜைக்கு வந்தார். "என் வேலை மெருகுதான். ஆனா ஒரு வார்த்தை கேட்கலாமா?"

தட்டில் புதிதாகச் செதுக்கிய செட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு கோரைப்பற்கள் கொக்கிபோல நீண்டிருந்தன. ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்தாள். ஒன்று ஒரு நீதிபதியுடையது. ஒன்று குழந்தைகள் பள்ளி டீச்சருடையது.

"வெளிய எதுவும் போகலையே, அண்ணே?"

"போகலை. இந்தத் தடவை வாசல்லயே நிறுத்திட்டேன்."

அச்சக்கா அந்தத் தட்டைப் பார்த்தாள். தட்டு அவளைப் பார்த்துப் பல்லை இளித்தது. முதல் தடவை நகலெடுக்க மறந்தாள், சரி. இம்முறை நகலெடுத்தாளே. எடுத்ததைத் திரையில் காட்டவும் முடியும். நகலில் நீட்டிய பல் அசலில் எப்படி நீளும்? சாயங்காலம்வரை தேடினாள். ஒன்றும் பிடிபடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் வேறொரு கலவரம். குடும்பத்தின் போட்டோக்கள் எல்லாம் ஒரே கணக்கில் சேர்ந்திருந்தன. மூன்று பேரின் போனிலும் அவற்றைப் பார்க்கலாம். கணவர் தன் போனில் இடம் போதவில்லை என்று உட்கார்ந்து அழித்துக்கொண்டிருந்தார். மகள் தன் அறையிலிருந்து போனைத் தூக்கிப் பிடித்தபடி வந்தாள்.

"அப்பா, என் போட்டோவெல்லாம் எங்க?"

"உன் போனை நான் தொடவே இல்லையே. என் போன்லதானே அழிச்சேன்."

"மூணு போன்லயும் இருக்கிறது ஒரே போட்டோதான்பா. நீங்க அழிச்சா எல்லாருக்கும் போச்சு."

"அது தெரிஞ்சுதானே நீ உனக்குன்னு தனியா ஒரு ஆல்பம் வச்சிருந்தே?"

"ஆமா, அதுலயும் இல்லை. ஆல்பம் இருக்கு. திறந்தா உள்ள காலி."

அச்சக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு."

"ஆல்பம்தான்மா தனி. அதுக்குள்ள இருந்த போட்டோ தனி இல்லை. அந்தப் பொதுப் போட்டோவைத்தான் அது காட்டிட்டிருந்துச்சு போல."

அச்சக்கா ஈரக்கையோடு மகளின் கன்னத்தைத் தட்டினாள். வெங்காயக் கை. மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

அதேதான். மூல வரிசை என்பது ஒரு தட்டு. எந்தப் பல் எங்கே நிற்கவேண்டும் என்று அதில் இடம் குறித்திருக்கும். அவள் எழுதிய அந்த ஒரு வரி தட்டை மட்டும்தான் நகலெடுத்தது. தட்டில் பல்லே இல்லை. பல் எங்கே இருக்கிறது என்று காட்டும் குறிப்புதான் இருந்தது. குறிப்பை நகலெடுத்தால் அதுவும் அதே பழைய பல்லைத்தானே காட்டும். பறவைக்காரருக்குப் பல்லின் இடத்தை நகர்த்தினாள். அது நகல் தட்டோடு நின்றது. நடிகருக்கு நீட்டியது பல்லையே. பல் ஒன்றுதான், தட்டுதான் இரண்டு. அவ்வளவு வேகமாக நகல் முடிந்ததற்குக் காரணம், முக்கால்வாசியை அது நகலெடுக்கவே இல்லை.

"போட்டோ போச்சேன்னு ஒருத்தி அழுறா. நீ சிரிக்கிறே" என்றார் கணவர்.

"குப்பைத்தொட்டியில இருக்கும். எடுத்துக் கொடுங்க. அப்புறம் அவளுக்கு நிஜமாவே தனியா ஒரு பிரதி எடுத்து வைங்க. ஆல்பம் இல்ல, போட்டோவையே."

போட்டோக்கள் குப்பைத்தொட்டியில்தான் இருந்தன. கணவர் ஒவ்வொன்றாக மீட்டுக் கொடுத்தார். மத்தியானம் முழுக்க அதே வேலை. அதில் தன்னுடைய பழைய மீசையைப் பார்த்து நடுநடுவே நின்றுவிட்டதால் சாயங்காலமும் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை அச்சக்கா முதல் ஆளாகப் பட்டறைக்குப் போனாள். தட்டை நகலெடு, தட்டிலுள்ள ஒவ்வொரு பல்லையும் நகலெடு, பல்லுக்குள் இன்னும் ஏதாவது வேறெங்காவது கை காட்டினால் அதையும் நகலெடு. வேர்வரை போய் எழுதினாள். சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இடத்தைக் காட்டினால் போதும். கை வைக்கிறவர்களுக்கு மட்டும் இந்த முழு நகல். பார்க்க வந்தவன் சபலப்பட்டுக் கை வைத்தால் புரோகிராம் அங்கேயே நின்று கூச்சல் போடும்படியும் செய்தாள். அந்தக் கூச்சல் அச்சக்காவின் குரலைப்போலவே இருக்கிறதென்று மெருகண்ணன் சொன்னதை அவள் பொருட்படுத்தவில்லை.

சந்தும் கோரையும் மாறி மாறி ஓட்டினாள். நீதிபதியின் பல் நீதிபதியுடையதாகவே இருந்தது. சிறப்பு வேலை வருகிற அன்று மட்டும் மெஷின் கொஞ்சம் இழுத்தது. முதலாளி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மெதுவாத்தான் வருது."

"ஆமாங்க."

"இருக்கட்டும். நிதானமா வரட்டும்" என்றார். போனவர் திரும்பி வந்து, "அந்த நடிகர் நாடகத்துக்கு டிக்கெட் கொடுத்திருக்காரு. எனக்குப் பயம். நீ போயிட்டு வா" என்று இரண்டு சீட்டை மேஜைமேல் வைத்தார். அச்சக்காவும் கணவரும் போனார்கள். கடைசி வரிசைதான் கிடைத்தது. பல் நன்றாகவே தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் பயந்து முகத்தை மூடிக்கொண்டபோது, அச்சக்காவுக்கு அவர் தோளைத் தட்டி, அது நான் செய்ததுதான் என்று சொல்லவேண்டும்போல இருந்தது. கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டதால் சொல்லவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு கால்நடை டாக்டர் பட்டறைக்கு வந்தார். அவரிடம் வரும் ஒரு பசுவுக்குப் பல் தேய்ந்துபோய், நல்ல புல்லைக்கூடக் கடிக்க முடியவில்லையாம். மாட்டுக்குப் பல்செட் செய்ய முடியுமா என்று கேட்டார். அச்சக்கா வாயைத் திறப்பதற்குள் முதலாளி, "ஏன் முடியாது? மேல் வரிசை, கீழ் வரிசை ரெண்டும் செஞ்சுடலாம்" என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

இதற்கு மூல வரிசை ஏது? புதிதாக ஒன்று செய்தாக வேண்டும். அளவெடுக்க அச்சக்காவே போனாள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது வைத்தியத்துக்கு வந்த மாடு, பார்க்கலாம். பசு அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டாக்டர் பிடித்துக் கொடுத்ததும் வாயைத் திறந்தது. அச்சக்கா குனிந்து பார்த்தாள். கீழே முன்பற்கள் தேய்ந்து மொட்டையாக இருந்தன. மேலே ஒன்றுகூட இல்லை. வழவழப்பான ஈறுதான்.

"ஐயோ பாவம், மேல மொத்தமும் கொட்டிடுச்சே, டாக்டர்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "கொட்டலைங்க. மாட்டுக்கு மேல முன்பல்லே கிடையாது. பிறவியிலேயே இல்லை."

அச்சக்கா மறுபடி குனிந்து, விரலால் அந்த ஈறைத் தடவிப் பார்த்தாள். பசு அவள் கையை நக்கியது.

"அப்ப பாதி வேலை முடிஞ்சுது" என்றாள். அளவுகோலை எடுத்துக் கீழ் வரிசையில் வைத்தாள்.